ஊன்றுகோலுக்கு ஒரு கிளாஸ்

…என் வீட்டுக்காரர் மருந்து சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடலாம், ஈரலுக்கு மருந்து, ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது போதும்... போதுமா, டாக்டர் சொன்னார் என்றால் இந்த மனிதர் கேட்டுக்கொள்வாரா, கை உடைந்து படுத்திருந்தபோது இவருக்கே டாக்டர் சொன்னதையெல்லாம் ரஷ்ய மொழியில் சொன்னது நான்தானே, ஒரு காதில் வாங்கி ஜன்னல் வழியாக அல்லவா விட்டார். வேறு ஏதாவது யோசிக்கவேண்டும் என்று மதி நினைத்தாள். ராயபுரம் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைக்கும்போது உள்ளே கண்ணாடி எதிலோ இடித்த சத்தம் அவளுக்குக் கேட்டது. புருஷன் தண்டபாணிக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்குமா, அந்தச் சத்தத்தை அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிற காதல்லவா அவனுடையது. ஆனாலும் அவன் டிக்கியை மெதுவாக மூடிவிட்டு, ரஷ்யர் கென்னாதிக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, வண்டியை எடுத்தான். இப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூர் தாண்டி, வலது பக்கம் கடலும் இடது பக்கம் துறைமுகத்துக்குக் காத்து நகராத டிரெய்லர் வரிசையுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பின்சீட்டிலிருந்து அவன் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று முடி வெட்டிக்கொண்டிருக்கிறான். இந்த வேலைக்காகவா?

கம்பெனி காரை ஓட்டுகிறவர் லீவு, ஒரு கப்பல்காரரை எண்ணூர் துறைமுகத்தில் கொண்டுபோய் விடவேண்டும், யாராவது தெரிந்த டிரைவர் இருந்தால் சொல்லுங்கள் என்று மதி மொழிபெயர்க்கிற கப்பல் ஏஜென்சியில் யாசின் கேட்டபோது, வாயைத் திறந்தது அவள்தான். யாசினுக்குத் தண்டபாணியின் கதை தெரியும். கொருக்குப்பேட்டையில் யாருக்குத்தான் தெரியாது, டிரெய்லரை வரிசையில் நிறுத்திவிட்டு உள்ளேயே குடித்துத் தூங்கிப்போனதும், பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்ததும், முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டதும். ஆனாலும் யாசின், சரிக்கா, உங்கள நம்பித்தான் என்றான். என்னை நம்பி. நான் யாரை நம்பி? மாசி மகத்துக்குப் பிறகு அவன் தொடவில்லை. தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு சர்ச்சின் பின்னறையில் வாரத்துக்கொரு நாள் குடியை விட்டவர்களெல்லாம் கூடிப் பேசுகிறார்களாம், அங்கே போகிறான், என்ன பேசுகிறார்கள் என்று வீட்டில் சொல்வதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்டால் உடைந்துவிடுமோ என்று ஒரு பயம். இந்த நேரம் பார்த்தா ஒரு ரஷ்யரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும்?

அதுவும் எப்படிப்பட்ட ரஷ்யர். கப்பலில் ஏணி வழுக்கி முன்கை முறிந்து, ராயபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கப்பல் இவரை விட்டுவிட்டுப் போய், ஊரெல்லாம் சுற்றி, இப்போதுதான் எண்ணூருக்குத் திரும்பியிருக்கிறது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் குடிக்க விடவில்லை. பட்டினி கிடப்பவன் சாப்பாட்டைப் பற்றியே பேசுவதுபோல கென்னாதி குடியைப் பற்றியே பேசினார். மதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள், யாருக்கு, நர்ஸ் நவ்ரீனுக்கு, அவளும் வேலைக்கு நடுவில் கதை கேட்க வந்துவிடுவாள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ரஷ்ய இளவரசர் ஒருவர் எந்த மதத்தில் சேரலாம் என்று ஒவ்வொரு மதத்துக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டாராம், முஸ்லிம்கள் குடி கூடாது என்றார்களாம், ஐயோ, எங்கள் ஜனங்களுக்குக் குடிதான் சந்தோஷம், அது இல்லாமல் முடியாதே என்று அனுப்பிவிட்டாராம். இது கதைதான், ஆனால் எங்களுக்குப் பிடித்த கதை என்றார் கென்னாதி. நவ்ரீன் ஊசியைத் தட்டிக்கொண்டே, அப்போ எங்க ஆளுங்க தப்பிச்சாங்கன்னு சொல்லுங்கக்கா என்றாள். அதை ரஷ்ய மொழியில் சொன்னதும் கட்டுப்போட்ட கையோடு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சிரிக்க முடியாத கதைகளும் சொன்னார். ஜார் மன்னர்களின் காலத்தில் அரசாங்கமே சாராயக் கடை நடத்தியதாம், சாப்பிட ஒன்றும் கிடைக்காது, குடிக்க மட்டும்தான், குடிப்பவனை அங்கிருந்து யாரும் இழுத்துக்கொண்டு போகக்கூடாதாம், பெண்டாட்டியானாலும் சரி, அப்பனானாலும் சரி, கழுத்துச் சிலுவை தவிர எல்லாவற்றையும் அவன் குடித்துத் தீர்க்கும்வரை. அன்றைக்கு மதி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நவ்ரீன், அப்புறம் என்னக்கா என்று கேட்டாள். தான் வாசலில் செருப்போடு நின்றது ஞாபகம் வந்தது, மதுக்கடைக்கு வெளியே, அந்த மஞ்சள் விளக்கு, உள்ளே போகலாமா வேண்டாமா, உள்ளே போனால் எல்லோரும் பார்ப்பார்கள், போகாவிட்டால் தண்டபாணி வரமாட்டான்... யாரும் தடுக்கவில்லை, சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் கால் நகரவில்லையே. இன்னொரு நாள் சொன்னார், ஒரு காலத்தில் ஊர் ஊராகக் குடியானவர்கள் கூடி இனிமேல் குடிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்களாம், வருமானம் போகிறதே என்று அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பி அடித்ததாம், சில இடங்களில் புனல் வைத்து வாயில் ஊற்றினார்களாம். தன் தெருவிலுள்ள பெண்களோடு, கடையை மூடச்சொல்லி அதன் முன்னால் உட்கார்ந்திருந்த வெயில் அவளுக்கு ஞாபகம் வந்தது. கடை இரண்டு தெரு தள்ளிப் போனது, அவ்வளவுதான், தண்டபாணி இரண்டு தெரு அதிகம் நடந்தான். ரஷ்யாவில் என்றோ செத்துப்போன அந்தக் குடியானவர்களின் பெண்டாட்டிகள் எதிர்வீட்டுக்காரிகளைப்போல ஏன் தோன்றுகிறார்கள்?

வண்டி வேகம் குறைந்தது. போன் வந்திருக்கிறது, யாசின்தான், துறைமுகத்துக்குள் போவதற்கான கேட் பாஸ் இன்னும் கைக்கு வரவில்லை, கத்திவாக்கத்திலேயே ஓரமாக நிறுத்துங்கள், வந்ததும் கூப்பிடுகிறேன் என்றான். தண்டபாணி கடல் பக்கம், கற்களைக் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் நிறுத்தினான். மூவரும் இறங்கினார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்றில் வழக்கமான அந்த வாடை, ஆனால் கடற்காற்று எழும்பி அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. தண்டபாணி டிரெய்லர்களுக்கு அந்தப்பக்கம் இருந்த கடைக்குப் போய் மூன்று டீ வாங்கி வந்தான். மதி கற்களில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தம்பி வெற்றியின் மீன்பிடிப் படகு எந்தப் பக்கம் போயிருக்கும், காசிமேட்டிலிருந்து வடக்கே போனதாகத்தான் சொன்னான்... திரும்பிப் பார்த்தால் கென்னாதி டிக்கியைத் திறந்து பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். வந்துவிட்டது.

கால்வாசிகூடக் குறையாத வோட்கா பாட்டில். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பெட்டிக்குள் இருந்ததாம், இந்த நாளுக்காகத்தான் வைத்திருந்தாராம். பெட்டியிலிருந்து எடுத்த மூன்று காகிதக் கப்புகளைக் கல்லின்மேல் வரிசையாக வைத்து, நிமிர்ந்து நின்று, மேடையில் பேசுகிறவர்போலப் பேசினார். எங்கள் வழக்கப்படி, பிரிந்து போகிறவன் புறப்படும்முன் கடைசியாக ஒன்று குடிக்கவேண்டும், பயணத்தில் ஊன்றிப்போகும் கோலுக்காக, ஊன்றுகோலுக்கு ஒரு கிளாஸ். என் கையை டாக்டர் சேர்த்துவைத்தார், ஆனால் என்னை இந்த ஊரோடு சேர்த்துவைத்தது நீங்கள், மதி. உங்கள் கணவரோடு குடிக்காமல் நான் போனால் அவரை மதிக்காத மாதிரி ஆகிவிடும். சொல்லுங்கள், அவரிடம் சொல்லுங்கள்.

தண்டபாணி அவளைப் பார்த்தான். "நைனா இன்னா சொல்றாரு?"

என்ன சொல்வது? எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளப் போகிறாராம் என்று இவனிடம் சொல்லலாம், என் கணவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று அவரிடம் சொல்லலாம், இரண்டு பேரும் நம்புவார்கள், பாஸ் வந்துவிடும், போய்விடலாம். ஆனால் மூன்றாவது கப்பையும் அது எதற்கென்பதையும் அவன் பார்த்துவிட்டானே. அவள் சொன்னாள், உள்ளதை உள்ளபடி, ஊன்றுகோலையும் மரியாதையையும். பிறகு அவனை முந்திக்கொண்டு, வண்டி ஓட்டறார்னு சொல்லிடறேன்யா, அது போதும் என்றாள்.

அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கல்லின்மேல் வைத்தான். "அத்த சொல்லாத. வண்டி ஓட்றேன்னு சொன்னா, வண்டி நின்னா குடிப்பேன்னு அர்த்தம் ஆய்டும். நான் குடிகாரன், வுட்டுட்டேன்னு சொல்லு. நான் சொல்றா மாதிரியே சொல்லு."

குடிகாரன். அந்தச் சொல்லை அவள் எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறாள், அவன் முதலாளி, அவள் அம்மா, தெருக்குழாயடி, ஆனால் அவன் வாயில் கேட்டதில்லை. இவ்வளவு சாதாரணமாக, ஊர் பெயரைச் சொல்வதுபோல... அந்தச் சர்ச்சின் பின்னறையில் இதைத்தான் சொல்கிறார்களா? அவள்தான் ஒருநாளும் சொன்னதில்லை, எந்த மொழியிலும், மணலியில் இருக்கிற அக்காவிடம்கூட, அவருக்கு உடம்பு சரியில்லை என்பாள். இப்போது சொல்லவேண்டும். அதிலும் ஒரு சங்கடம், மொழிபெயர்க்கிறவள் 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக்கூடாது, பேசுகிறவரின் 'நான்'தான் அவளுடைய 'நான்', வேலையில் முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம் அது. கென்னாதி காத்துக்கொண்டிருந்தார், பாட்டில் மூடியில் விரல். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு ரஷ்ய மொழியில் சொன்னாள். நான் குடிகாரன். விட்டுவிட்டேன். அலை ஒன்று கற்களில் ஏறி இறங்கியது. உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

கென்னாதி அவளைப் பார்த்தார், பிறகு அவனை, பிறகு மறுபடி அவளை. மூடியை இறுக்கினார். எங்கள் ஊரில் தனியாகக் குடிப்பவனைத்தான் குடிகாரன் என்போம், நான் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. கல்லில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லாத கதை இது. தாத்தாவுக்குப் போர்முனையில் தினம் நூறு கிராம் வோட்கா அரசாங்கமே அளந்து ஊற்றியது, போர் முடிந்தது, நூறு கிராம் முடியவில்லை. அப்பா நவரசீஸ்க் பக்கம் டிராக்டர் ஓட்டினார், எண்பதுகளில் மதுவை ஒழிக்கிறோம் என்று திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள், பிடுங்கினார், சாயங்காலம் வீட்டில் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் காய்ச்சிக் குடித்தார், ஊரில் சர்க்கரையே கிடைக்காமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் என் கல்யாணம், மதுவில்லாக் கல்யாணம் என்று மேலிடத்து உத்தரவு, மேஜை நிறைய டீக்கெண்டிகள், எல்லாவற்றிலும் வோட்கா, என் பெண்டாட்டியின் அம்மா டீயென்று நினைத்து ஒரு குழந்தைக்கு ஊற்றப்போனார்... அதைக் கேட்டுத் தண்டபாணி சத்தமாகச் சிரித்துவிட்டான், அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று, அந்தச் சிரிப்புக்காகவே அவள் அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள். என் மகன் தொடுவதில்லை என்றார் கென்னாதி. காலையில் மோர் மாதிரி ஒன்றைக் குடித்துவிட்டு ஓட்டப்பயிற்சிக்குப் போகிறான். அவன் வயதுக்காரர்களில் நிறைய பேர் அப்படித்தான், முன்னே மாதிரி இல்லை எங்கள் ஊர். அவனோடு என்ன பேசுவதென்றுதான் எனக்குத் தெரியவில்லை, கையில் கிளாஸ் இல்லாமல் ஒரு ஆளோடு எப்படிப் பேசுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தண்டபாணி கல்லின்மேலிருந்த டீயைக் காட்டினான். "டீ கிளாஸ் கீதேன்னு சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். கென்னாதி ஆறிப்போன டீயைப் பார்த்தார், எடுத்தார், எழுந்து நின்றார். கப்பல்காரர்களுக்கு மூன்றாவது கிளாஸ்தான் முக்கியம், முதல் இரண்டை விட்டுவிடலாம், மூன்றாவது கடலில் இருப்பவர்களுக்கு என்றார். மதி இதை மொழிபெயர்த்தபோது தண்டபாணியும் எழுந்தான், வெற்றி கடலில்தானே கீறான் என்றான் மெல்ல. மூவரும் கடலைப் பார்த்து நின்றுகொண்டு டீயைக் குடித்தார்கள். பின்னால் டிரெய்லர் வரிசை இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றது.

காலிக் கிளாஸ்களைக் கொடுக்கத் தண்டபாணி சாலையைக் கடந்து போனான், டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து மறைந்துபோனான். கென்னாதி பாட்டிலைத் துணிகளுக்கு நடுவில் செருகிவிட்டு, தயக்கத்தோடு கேட்டார், கேட்கக்கூடாதுதான், ஆனாலும், நீங்களுமா?

நானுமா? என்ன நானும்?

நீங்களும் விட்டுவிட்டீர்களா, நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள் என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தமிழில் விட்டுவிட்டேன் என்றால் சொன்னது ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியில் தெரியும். ஆண் சொன்னால் பிரோசில், பெண் சொன்னால் பிரோசிலா. அவள் பிரோசிலா என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடத் தொழிலில், மாலுமிகளுக்கும் கேப்டன்களுக்கும் பேசியதில், ஒருநாளும் இந்தத் தப்பு வந்ததில்லையே. நாக்கு தவறிவிட்டது, மன்னியுங்கள், அவர் சொன்னதைத்தான் சொல்லவந்தேன் என்றாள். கென்னாதி தலையசைத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

நாக்கு தவறியதுதானா? குடித்தே அறியாத நான் எதை விட்டேன்? அவள் சாலைக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். கடை தெரியவில்லை, அவனும் தெரியவில்லை, டிரெய்லர்கள்தான் தெரிந்தன. அவன் கண்ணுக்கு மறைந்து எவ்வளவு நேரமாயிற்று? தெரியவில்லை. டீ வாங்கப் போய்விட்டு வந்தானே, அப்போது எவ்வளவு நேரம் ஆனது? அதுவும் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை, வந்தவன் பக்கத்தில் போய் ஏதோ தூசி தட்டுவதுபோலக் குனிந்து மோந்துபார்க்கவில்லை, கல்யாணமான நாளிலிருந்து அவள் மூக்கு செய்துவந்த வேலை அது, கழுத்தோரம், சட்டைக் காலர், பேசும்போது வாய்... கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், தம்பியின் படகைப் பற்றி யோசித்துக்கொண்டு. விட்டுவிட்டேனா, இல்லை இன்றைக்கு மறந்துபோனேனா? நாளைக்கு மறுபடி வருமா? வரலாம். யாரிடம் போய்க் கேட்பது, பெண்டாட்டிகளுக்கென்று அந்தச் சர்ச்சில் ஒரு பின்னறை உண்டா?

இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து தண்டபாணி வெளியே வந்தான், போனைக் காதில் வைத்து, சரி யாசின், வந்துகினே கீறோம் என்று சொல்லிக்கொண்டு. பாஸ் வந்துவிட்டது, ஏறு என்றான் அவளிடம். அவள் வழக்கம்போலப் பின்கதவுப் பிடியில் கை வைத்தாள், அவன் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தான். "வண்டி சந்துல பாத்தேன், நைனா இன்னாவோ கேட்டாரே, இன்னாவாம்?" என்றான். அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பொறுயா, எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன் என்றாள்.