திங்கட்கிழமை விளக்கு

அந்த விளக்கு திங்கட்கிழமைகளில் மட்டும்தான் எரிந்தது. பசறையில் பள்ளிக்கூடம் விட்டு, பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மடுல்சீமைக்குத் திரும்பும் ஏற்றத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை வண்டி சாதுவாக ஓடும். சனி, ஞாயிறு தோட்டத்து லயன் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும். சும்மா நின்ற வேனுக்குத் திங்கட்கிழமை என்ன வந்துவிடுகிறது என்பது அதை ஓட்டும் புவனேந்திரனுக்குப் பிடிபடவே இல்லை.

வெறும் விளக்கென்றால் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டுப் போகலாம். விளக்கோடு வண்டியின் பலமும் போய்விடும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ். முதல் கியரில் போட்டு, பெடலைத் தரையோடு மிதித்தாலும் வண்டி நகராமல் முனகும். மேலே போகவும் முடியாது, திருப்பவும் இடமில்லை. நான்காவது திங்கட்கிழமை பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை, "மாமா, விறகு கட்டோட நடந்து போற ஆயா நம்மள முந்திட்டாங்க" என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் பாக்கியலெட்சுமி வந்தார். அவர் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். மற்றப் பெற்றோர் சார்பில் பேசுவதாகச் சொன்னார். "அண்ணே, குத்தம் சொல்ல வரல. வர்ற திங்களும் ஏத்தத்துல நின்னா, நாங்க வேற வேன் பாத்துக்குவோம்."

இந்தப் பழைய வேனை வாங்கி ஓட்டுவதற்காக அவன் தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டிருந்தான். மனைவி விஜயலெட்சுமி மலையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, ஒரு மாதத்துக்கு முன்புதான் தோட்ட வேலையிலிருந்து நின்றிருந்தாள். பள்ளிக்கூட ஓட்டம் போனால், அந்த முதுகோடு அவள் மறுபடியும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பசறையில் மெக்கானிக் ஷுக்ரி பாஸின் கராஜில் வண்டி நின்றது. நோய் எங்கே என்று ஷுக்ரிக்கு முதல் வாரமே தெரியும். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் மயிரிழை போன்ற ஒரு கம்பி இருக்கிறது. மின்சாரம் அதைச் சூடாக வைத்திருக்கும். உள்ளே போகும் காற்று அதைக் குளிர வைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு காற்று வருகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை விடும். கம்பிமேல் அழுக்குப் படிந்தால், கம்பளி போர்த்திய ஆளைப் போல அதற்குக் குளிர் உறைக்காது. காற்று குறைவு என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். இறக்கத்தில் இது தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

ஷுக்ரி ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கம்பியை ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்து விளக்கை அணைத்தார். காற்று வடிகட்டியை மாற்றினார், பிறகு கம்பி இருக்கும் சென்சரையே மாற்றினார். அடுத்த திங்களும் விளக்கு வந்தது.

"இது தூசி இல்ல தம்பி, தூசின்னா ஊதினா போயிரும்" என்று குழாயின் உள்ளோரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பிசின் மாதிரி ஒட்டுது. எங்கேருந்து வருதுன்னுதான் விளங்கல."

ஏன் திங்கட்கிழமை மட்டும் என்று புவனேந்திரன் கேட்டான். கம்ப்யூட்டர் ஒருக்கா கண்ட கோளாறை நம்பாது, மறுமுறையும் அதே மாதிரி ஏற்றத்தில் அதையே கண்டால்தான் விளக்கைப் போடும் என்றார் ஷுக்ரி.

திரும்பும் வழியெல்லாம் அவன் அதையே நினைத்தான். திங்கள் இரண்டாவது தடவை என்றால், முதல் தடவை வெள்ளி பின்னேரம். வெள்ளிக்கிழமைகளில் வண்டி கொஞ்சம் சோர்ந்ததும், வாரக் களைப்பு தனக்குத்தான் என்று எண்ணியதும் இப்போது ஞாபகம் வந்தது. அப்படியானால் வியாழன் ஏற்றத்துக்கும் வெள்ளி ஏற்றத்துக்கும் நடுவில்தான் ஏதோ நடக்கிறது.

வியாழன் பின்னேரம் வண்டி நன்றாகவே ஏறியது. வெள்ளி காலை, பனிமூட்டத்தில், வழக்கம்போல ஸ்டார்ட் செய்து முன் சீட்டைத் தூக்கி வைத்தான். எஞ்சின் அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் எஞ்சின் சூடாகும்வரை உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்பான். அன்று கதவோரமே குந்திக்கொண்டான்.

வீட்டு மூலைகளுக்குக் காட்டிவிட்டு, விஜயலெட்சுமி சாம்பிராணித் தட்டோடு வந்தாள். பெரட்டுக்கு ஓடிய காலத்தில் அவளுக்கு வெள்ளிக்கிழமைக் காலை என்று ஒன்று இருந்ததில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகுதான் வேனுக்கும் காட்டுகிறாள். தட்டை எஞ்சின் பக்கத்தில் பிடித்தாள். புகை மேலே எழவில்லை. வளைந்து, வடிகட்டிப் பெட்டியின் மூடி ஓரத்துக்குப் போனது. அங்கே கிளிப் ஒன்று உடைந்து, பழைய சொந்தக்காரர் கம்பியால் கட்டி வைத்திருந்தார். மூடி சரியாகப் படியாத அந்தச் சந்தில், வடிகட்டியில் படாமலே, புகை நூலாக நுழைந்தது.

"பாத்தீங்களா, எப்படி இழுத்துக்குது" என்றாள் அவள். "லைட்டு வந்துகிட்டே இருக்கேன்னு இன்னைக்கு ரெண்டு பிடி கூடப் போட்டேன்."

அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். புகை நேராகக் கூரைக்குப் போனது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். புகை வளைந்தது. மூன்றாம் தடவை நிறுத்தும்போது அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அப்ப நாந்தானா?"

"நீ இல்ல. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்ததுதான்."

தாழ்ந்த குரலில், "இதையும் நிப்பாட்டிட்டு, மறுபடி லைட்டு வந்திச்சுன்னா நான் யாரைப் போயி கேக்குறது?" என்றாள்.

"நிப்பாட்டச் சொல்லல விஜயா. நீ முதல்ல காட்டு. புகை அடங்கினதும் நான் ஸ்டார்ட் பண்றேன்."

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஷுக்ரியிடம் போனான். சாம்பிராணி மரத்துப் பிசின்தானே. அதன் புகை சூடான கம்பியில் பட்டால் பூச்சாகப் பிடித்துக்கொள்ளும், அதன்மேல் தூசியும் ஒட்டும். ஷுக்ரி கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நாலு கிழமையா உங்க வீட்டுப் பூசையத்தான் நான் சுரண்டியிருக்கேன்" என்றார்.

அந்தத் திங்கள் விளக்கும் வரவில்லை, வண்டியும் நிற்கவில்லை. பாக்கியலெட்சுமி மகளை மறுநாளும் அதே வேனில் அனுப்பினார். ஆனால் அந்த வெள்ளியே கம்பியைச் சுத்தம் செய்திருந்ததால் புவனேந்திரன் அதை நம்பவில்லை. புது முறையில் ஒரு வெள்ளியும் அதற்கடுத்த திங்களும் போக வேண்டும் என்று காத்திருந்தான். அதுவும் போனது. பஸ் பின்னால் வர, பதின்மூன்று பிள்ளைகளோடு வேன் இரண்டாம் கியரில் ஏற்றத்தை ஏறியது. மஞ்சள் வெளிச்சம் வரவே இல்லை.

செய்தது இவ்வளவுதான்: கம்பியை ஸ்ப்ரேயால் சுத்தம் செய்து, வடிகட்டிப் பெட்டிக்குப் புதுக் கிளிப் போட்டு மூடியை இறுக்கினார்கள்; வெள்ளிக்கிழமைகளில் எஞ்சினை ஓடவிடாமல் சாம்பிராணி காட்டி, புகை கலைந்த பிறகே ஸ்டார்ட் செய்தார்கள்.