சட்டைப் பையில் இருந்த கடிதம்

ரொஸெட்டா அத்தை ஒரு வியாழக்கிழமை இறந்தாள். ஏழு வயதில் கடலில் மூழ்கிப்போன தன் மகன் எஸ்ராவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

எஸ்ராவின் கல்லறை இப்போது ஒரு கோல்ஃப் காலனிக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் கரோலினாக் கரையில் கறுப்பர்களான நாங்கள் வாழ்ந்த தீவை வெள்ளைக்காரர்கள் வாங்கி, எங்கள் இடுகாட்டைச் சுற்றி வீடு கட்டி, வாசலில் காவல் போட்டுவிட்டார்கள். உள்ளே போக காலனி அலுவலகத்தின் கடிதம் வேண்டும். அப்பா அதை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார்.

எங்கள் ஆட்களுக்குக் குழியை வீட்டு ஆண்களே வெட்டுவார்கள். வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் லானி சித்தப்பாவும் வெட்ட, நான் தண்ணீர் கேனோடு நின்றேன்.

"அண்ணே, நீ வெட்டுற வேகத்துக்கு அக்காவே எந்திரிச்சு வந்து வெட்டிக்குவா."

"வாய மூடிட்டு வெட்டுடா. ஒன் பக்கம் கோணலாப் போவுது."

"அவளும் கோணலாத்தான படுப்பா."

அத்தை போனதற்குப் பிறகு அப்பா அப்போதுதான் சிரித்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் கருவியோடு பழைய காசு தேடிக்கொண்டிருந்தார். கல்லறைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகத் தோண்டிப் பார்த்தார்.

குழி இடுப்பளவு ஆனபோது போலீஸ் கார் வந்தது. கறுப்பர்கள் அத்துமீறி நுழைந்து பள்ளம் வெட்டுவதாக ஏதோ ஒரு வீட்டிலிருந்து போன் போயிருக்கிறது. இறங்கியவன் பெயர் வில்லெட். சின்ன வயசுதான்.

"கைய மேல தூக்கு. யாரு உள்ள விட்டது?"

இருவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள்.

"லெட்டர் இருக்குங்க சார்," என்றார் அப்பா. "சட்டைப் பையில. நீங்களே எடுத்துக்குங்க."

"எடுத்துக் காட்டு."

"நான் கைய உள்ள விடமாட்டேங்க சார். நீங்க எடுங்க."

எங்கள் வீடுகளில் பிள்ளை நடக்கப் பழகியதுமே சொல்லிக்கொடுப்பது இது: போலீஸ் முன்னால் பைக்குள் கை விடாதே. சித்தப்பாவின் சிநேகிதன் பர்ஸ் எடுக்கப் போய்த்தான் சுடப்பட்டான்.

அப்பா மூன்று தடவை சொன்னார். வில்லெட் கிட்டே வரவில்லை. அதற்குள் காசு தேடும் பெரியவர் வந்து, தோள்பைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்துக் காட்டினார். வில்லெட் குனிந்து பார்த்தான்.

"ரொம்பப் பழசு போல இருக்கே. பாத்துப் போங்க சார், இங்க பள்ளம் கெடக்கு."

எங்களை வெளியேறச் சொன்னான். ஒரு வருஷத்துக்குள் இங்கே கால் வைத்தால் ஜெயில் என்று எழுதிக் கொடுத்தான். நான் போய் அப்பாவின் பொத்தானைக் கழற்றிக் கடிதத்தை நீட்டியிருக்கலாம். தண்ணீர் கேனைப் பிடித்தபடியே நின்றேன்.

மறுநாள் அத்தையை ஹைவே ஓரத்துப் பொது இடுகாட்டில் புதைத்தோம்.

நாங்கள் கொடுத்த புகார் ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. வில்லெட்டின் நெஞ்சுக் கேமரா எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அப்பா சொன்னது மூன்று தடவையும் தெளிவாகக் கேட்டது. கடிதத்தைக் காட்டாததால் அதிகாரி விதிப்படியே நடந்துகொண்டார் என்று முடிவு வாசித்தார்கள். அனுமதி இருந்தது உண்மைதான், ஆகவே தடை ரத்து என்றார்கள்.

அப்பா எழுந்து விசாரணைக் குழுவின் தலைவர் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, அந்தப் பெரியவரும் பைக்குள்ள கைய விட்டாரே. அத யாரும் பாக்கலியா?"

தலைவர் அம்மா காகிதத்தைப் புரட்டினார். "அவர் மேல புகார் எதுவும் வரலையே."

வெளியே வந்ததும் சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அக்காவ எடுத்துட்டு வந்துரலாமா?"

"தூங்க வெச்சவள எழுப்பக் கூடாதுடா."

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனோம். வெட்டிய குழியை மூடிப் புல் பதித்திருந்தார்கள். எந்த இடம் என்றே தெரியவில்லை. அப்பா எஸ்ராவின் கல்லறை அருகே மண்டியிட்டு, குழந்தைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒங்கம்மா இங்க வரலடா. ஹைவேல, பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி இருக்கா. கடைசி வரிசை."