குண்டூசி குத்திய கடைசி அத்தியாயம்

சட்டையின் கீழ்விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சொட்டும் துவைகல்லில் விழுந்து இளஞ்சிவப்பாகப் பரவுகிறது, உச்சி வெயிலில் கொடியில் தொங்குகிற அத்தானின் வெள்ளைச் சட்டை, உள்ளே அடுப்படியில் அக்கா பூரணம் கழுத்தில் மூன்று வெட்டோடு கிடக்கிறாள், ஒரு கை இன்னும் ஆட்டுரலைப் பிடித்தபடி, அவள் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறவன், கல்லூரியிலிருந்து சாப்பிட வந்த நான் கொல்லைக்கு ஓடிவந்து அந்தச் சட்டையைப் பார்த்தபடி நிற்கிறேன், நாற்பது வருடமாக நிற்கிறேன், காலையில் பதிப்பகத்துப் பெண் போனில், சார், அந்தக்காலத்துத் துப்பறியும் கதையையும் இப்ப வர்றதையும் ஒப்பிட்டு முன்னுரை எழுதிக் குடுங்க, நாலு பக்கம் போதும், உங்கள விட்டா யாரு சார் இருக்கா என்றாள், ஆமாம் அம்மா, என்னை விட்டால் ஆளில்லைதான்.

பழைய கதைகளில் பிணம் ரொம்ப மரியாதையானது, முதல் பக்கத்திலேயே கம்பளத்தைக் கெடுக்காமல் விழுந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும், ரத்தம் ஒரு வரி, அழுகை அரை வரி, அப்புறம் சுருட்டுச் சாம்பல், நின்றுபோன கடிகாரம், கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிபவர் விரல் நீட்டுவார், அருளப்பன் அண்ணன் சைக்கிளில் மரப்பெட்டி கட்டிச் சனிக்கிழமைதோறும் வாடகைப் புத்தகம் கொண்டுவருவார், முன்னால் படித்தவன் எவனாவது முதல் பக்கத்தில் கொலைகாரன் பேரைக் கிறுக்கியிருந்தால் ரப்பரால் அழித்து, கடைசி அத்தியாயத்துக்குக் குண்டூசி குத்தித்தான் கையில் தருவார், யாருன்னு சொல்லிட்டுத்தான் தம்பி ஊசிய எடுக்கணும், இல்லேன்னா அது படிப்பு இல்ல, திருட்டு என்பார், நான் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை, தோற்றதுமில்லை, எல்லாரும் யாரைச் சொல்கிறார்களோ அவன் இல்லை, யார்மேல் சந்தேகமே வராதோ அவன்தான், இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு தலைகால் புரியாமல் திரிந்தேன், திங்கட்கிழமை அக்கா உதடு கிழிந்து வந்து நின்று, டேய், அவரு அருவாள சாணை புடிச்சு வச்சிருக்காருடா, என்னையக் கொன்னுருவாரு என்றபோது, நான் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தேன், கொல்லப்போறவன் ஒன் கண்ணுல படுற மாதிரியா அருவாள வைப்பான், போக்கா, கதையில கூட இப்படி வராது.

புதன்கிழமை, கொடியில் சட்டை, பனியனைக்கூடத் தானாகத் துவைத்தறியாத மனிதனின் சட்டை, எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா, இவ்வளவு லேசாகக் கிடைக்கிற துப்பு பொய், அத்தானை மாட்டிவிட எவனோ செய்த வேலை, உருவி எடுக்கிறேன், வாளியில் அமுக்குகிறேன், நீலக்கட்டிச் சோப்பைப் போட்டுக் கசக்குகிறேன், விளிம்பிலிருந்து என் அக்கா நுரையாகப் போகிறாள், மூன்று தண்ணீர் மாற்றி அலசி மறுபடி கொடியில் போட்டுவிட்டு அப்புறம்தான் ஊரைக் கூட்டக் கத்தினேன், அத்தான் தவசிலிங்கம் கடையிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான், இன்ஸ்பெக்டர், யாருப்பா வந்துட்டுப் போனா என்று கேட்டார், புத்தகக்காரரு சைக்கிள் வாசல்ல நின்னுச்சுங்கய்யா என்றாள் எதிர்வீட்டுக்காரி, சனிக்கிழமை தவிர வராதவர் புதனன்று ஏன் வந்தார், என் சூத்திரம் பல்பு மாதிரி எரிந்தது, கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள், நான் அருளப்பன் அண்ணன் பேரைச் சொல்லி விரல் நீட்டினேன்.

ஸ்டேஷனில் அவரை மூன்று நாள் அடித்தார்கள், இந்தக்காலத்துக் கதையாக இருந்தால் அதற்கே ஐந்து பக்கம் வரும், லத்தியின் பூண், வாயில் திணித்த துணி, மூத்திர நாற்றம், எனக்குத் தெரிந்தது ஒரு வரிதான், விரல்களை பெஞ்சில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக உடைத்தார்கள், நாலாம் நாள் அடுப்படி அலமாரியில் அக்கா படித்துக்கொண்டிருந்த புத்தகம் கண்ணில் பட்டது, கேட்க ஆளில்லாத வீட்டில் அத்தான் பேரை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன், உள்ளே அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள், அப்பா, அருளப்பண்ணன புதன்கிழமை வரச்சொல்லி இதக் குடுத்தனுப்புறேன், ஒடனே வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க, தம்பிகிட்ட சொன்னேன், சிரிக்கான்.

தாளோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன், அத்தானைப் பிடித்து அருளப்பன் அண்ணனை விட்டார்கள், இரண்டு கையையும் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தவர், கதவு சாத்தியிருந்துச்சு தம்பி, ரெண்டு தட்டு தட்டிட்டுத் திரும்பிட்டேன், இன்னும் ரெண்டு தட்டு தட்டியிருக்கணும் என்று அழுதார், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன், அந்தக் கைகள் அப்புறம் ஒரு குண்டூசியைக்கூடப் பிடிக்கவில்லை. இப்போதைய கதைகளில் கொலைகாரன் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறான், பலபேருக்கு அது பிடிப்பதில்லை, சுவாரசியமே போச்சு என்கிறார்கள், பழைய கதை கொன்றது யார் என்று கேட்டது, இது, தெரிந்தும் சோறு தின்றுகொண்டிருந்தது யார் என்று கேட்கிறது.

கோர்ட்டில் அத்தானின் வக்கீல் அந்தச் சட்டையைத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து உயர்த்திக் காட்டினார், அருவாள் கிடைக்கவில்லை, கடுதாசி ஒரு பொம்பளையோட பயம், இந்தச் சட்டையில ஒரு பொட்டுக் கறை காட்டுங்க பார்ப்போம் என்றார், சாட்சிக் கூண்டில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை, தவசிலிங்கம் வெளியே வந்தான், மறுவருடம் வேறு பெண்ணைக் கட்டினான், மேஜைமேல் வெள்ளைத்தாள் இருக்கிறது, ஃபேன் காற்றில் கொடித்துணி மாதிரி ஆடுகிறது, சட்டை அப்படியே தொங்குகிறது, வெள்ளை வெளேரென்று, ஒரு சொட்டுகூட விழாமல், அதைத் துவைத்தவன் நான் என்று முன்னுரையின் முதல் வரியை எழுதுகிறேன்.