ஆடாத கடைசி இலக்கம்

எங்கள் சோதனைக்கூடத்து மீட்டர் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டது. அளப்பதில் புலி. ஆனால் அதன் முதுகில் இருக்கும் பழைய அகலமான சாக்கெட்டை இன்றைய எந்தக் கணினியோடும் நேராக இணைக்க முடியாது. அதனால் வாடிக்கையாளர் அனுப்பும் பெட்டி தரும் மின்னழுத்தம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க, நிமிடத்துக்கு ஒரு முறை மீட்டர் காட்டும் எண்ணை நான் நோட்டில் எழுத வேண்டும், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. அறையின் சூடு மாறக் கூடாதென்று கதவைச் சாத்தியே வைப்போம். ஜன்னல் கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வாரம். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. ஞாயிறு தவிர நான் போனதில்லை.

நடுவில் ஓர் அடாப்டர் மாட்டினால் கணினியே எழுதிக்கொள்ளும். மீட்டர் கம்பெனியே விற்கும் அடாப்டரின் விலையைப் பார்த்து மேனேஜர் சிரித்துவிட்டார்.

"இந்த விலைக்கு இன்னொரு மீட்டரே வாங்கிடலாம்மா. மலிவா ஏதாவது பாரு."

இரண்டு கிடைத்தன. ஒன்று நடுத்தர விலை, வாங்கியவர்களெல்லாம் நல்லபடியாக எழுதியிருந்தார்கள். வந்து சேர ஆறு வாரம். மற்றது அதில் பாதி விலைக்கு ஒரு நகல். இரண்டே நாளில் வரும். சில நேரம் ஹேங் ஆகிறது என்று ஒருவர் புலம்பியிருந்தார். அம்மாவுக்கு ஆறு வாரம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நகலையே வாங்க வைத்தேன்.

வேலை செய்தது. எப்போதாவது பதில் வராமல் புரோகிராம் நின்றுவிடும், அவ்வளவுதான். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பதில் வராவிட்டால் முந்தின எண்ணையே எழுதிக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு நிமிடம் தவறினால் என்ன குடி முழுகிவிடும்?

அன்று மூன்றரைக்கே கிளம்பி, அம்மாவுக்கு என் கையால் ஊட்டினேன்.

"நர்ஸ் குடுத்தா இறங்கவே மாட்டேங்குது. நீ வந்தாத்தான் இறங்குது" என்றாள். நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"மூணேமுக்காலுக்கு மேல ஒரு இலக்கம்கூட அசையல பாரு. இப்படி ஸ்டெடியான பெட்டிய நான் பார்த்ததே இல்ல. சர்டிஃபிகேட் அடிச்சிட்டேன், கையெழுத்துப் போடு."

அந்த மீட்டரின் கடைசி இலக்கம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அடாப்டர் மூணேமுக்காலுக்கே ஹேங் ஆகியிருக்கிறது. மீதி இரண்டேகால் மணி நேரமும் நான் எழுதிய வரி ஒரே எண்ணை அடுக்கியிருக்கிறது.

கையெழுத்துப் போட்டால் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பெட்டியை நம்பித்தான் வாடிக்கையாளர் தன் மீட்டர்களையெல்லாம் சரிபார்ப்பார்.

சொல்லிவிட்டேன். மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, அந்த வரிய எடுத்துடு. ஹேங் ஆனா பிடுங்கி மாட்டணும், அவ்வளவுதானே? நீ பக்கத்துலயே இருந்தா ஒழுங்கா ஓடும். இன்னைக்கே மறுபடி எடுத்துடு. வேற அடாப்டர் மட்டும் கேட்காத, நீ சொன்னதத்தான் வாங்கியிருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாலேகாலுக்கு அம்மா போன் செய்தாள். திரையில் கடைசி இலக்கம் மூன்று, ஐந்து, நாலு என்று ஆடிக்கொண்டிருந்தது.

"கிளம்பிட்டியா?"

"வழியிலதாம்மா இருக்கேன். நீ சாப்பிட ஆரம்பி."

"இல்ல, நீ வா" என்று வைத்துவிட்டாள்.

திரையில் எண் நின்றுபோயிருந்தது. அடாப்டரைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன்.