வாக்கிங் ஃபுட் மெஷினும் சோபாக்காரரின் பெல்ட்டும்

கிளம்பும்போதே நாத்தனாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும் மூஞ்சியை உம்முன்னு வச்சுக்க. குறை சொன்னாத்தான் போன்ல பேசின விலையில இன்னும் குறைக்க முடியும்."

"நான் எதுக்கு அண்ணி பல்லைக் காட்டப் போறேன்?" என்று பல்லைக் காட்டினாள்.

பள்ளிக்கூட வேன் சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கும் வேலை எங்களைத் தேடி வந்திருந்தது. மூலைகளில் ஆறு மடிப்பு விழும். எங்கள் வீட்டு மெஷினிலோ கீழ் மடிப்பு முன்னால் ஓடும், மேல் மடிப்பு முரண்டு பிடிக்கும். வாக்கிங் ஃபுட் மெஷினில் துணியை அழுத்தும் காலும் சேர்ந்து நடந்து, எல்லா மடிப்பையும் ஒன்றாக இழுத்துப் போகும். அது கிடைத்தால் சொந்தக் கடை. கிடைக்காவிட்டால் இருவரும் பழையபடி கம்பெனிக்குப் போய், ஒன்றுக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

விற்பவர் சோபா தைப்பவர். பட்டறையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போகிறார். இரண்டு மெல்லிய துணித் துண்டுகளை வைத்து ஓட்டிக் காட்டினார். அதை எங்கள் வீட்டு மெஷினே தூக்கத்தில் தைக்கும்.

நான் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். எங்கும் இடறவில்லை. துணியை அழுத்தும் கால்கள் இரண்டும் மாறி மாறி எழுந்து இறங்கின. ஊசிக் கம்பியை ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. மெஷின் தலையைப் பின்னால் சாய்த்தேன். அடியில் எண்ணெய் மினுமினுத்தது, துரு இல்லை. குபுக்கென்று வந்த சிரிப்பை இருமலாக்கினேன்.

"தடிமனா வச்சுப் பார்க்கணும். ரெக்சின் பையை எடு."

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். பை பஸ்ஸோடு போய்விட்டது. பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் காலி. கடைசியில் என் கண் சோபாக்காரரின் இடுப்பில் போய் நின்றது. நல்ல தடித்த தோல்.

"அண்ணே, பெல்ட்டைக் கழட்டுங்க."

"என்னது?"

"தைச்சுப் பார்த்துட்டுப் பிரிச்சுக் குடுத்துடுறேன்."

பாவம், கொடுத்தார். உடனே ஒரு கை பேன்ட்டைப் பிடித்துக்கொண்டது. பெல்ட்டை இரண்டாக மடித்துக் காலுக்கடியில் செருகி ஓட்டினேன். டக், டக், டக். ஒரு தையல்கூட விடவில்லை. பின்னோக்கி ஓட்டினேன். ஊசி அதே ஓட்டைகளில் அப்படியே இறங்கியது.

"ஐயோ, என் தங்கமே!" என்று மெஷினைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன். நாத்தனார் உம்மென்ற முகத்தோடு என்னைக் கிள்ளினாள்.

சோபாக்காரர் குனிந்து தையலைத் தடவினார். "இது தோல்கூடத் தைக்குமா? இத்தனை காலமா துணியைத்தானேம்மா ஓட்டிட்டிருந்தேன்! வேணாம்மா, நான் விக்கலை. மக வீட்டுலயே போட்டு பெல்ட் தைக்கிறேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அழுகையே வந்துவிட்டது.

நாத்தனார் அசரவில்லை. "அண்ணே, பேசின காசு. எண்ணிக்குங்க" என்று அவருடைய இன்னொரு கையில் நோட்டுக் கட்டை வைத்தாள். சட்டென்று குனிந்து, மோட்டாரோடு இணைத்திருந்த பட்டையைக் கழற்றினாள். "அண்ணி, தூக்குங்க!"

மேசையை விட்டுவிட்டு மெஷின் தலையை மட்டும் தூக்கினோம். இடுப்பு முறிகிற கனம். அவர் நோட்டைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார். எதை விட்டுவிட்டு எங்களைத் தடுப்பது? "ஏய், ஏய்!" என்று ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரிக்கச் சிரிக்க பேன்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"சக்கரத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்கம்மா, கெட்டுப்போயிடும்! அடியில கையைக் குடுங்க!"

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மனுஷர் விற்றுவிட்டார். சிரிப்பில் கால் பின்ன, நாங்கள் வாசலைத் தாண்டினோம்.

"அம்மா, பெல்ட்டு!"

அது மெஷினிலிருந்து வால்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்க எங்கள் நாலு கையில் ஒன்றுகூடக் காலியில்லை.

"நாளைக்கு மேசையை எடுக்க வரும்போது தர்றோம்ண்ணே!" என்று கத்தினேன். "எங்க கடையோட முதல் வேலையே அதைப் பிரிக்கிறதுதான்!"