ஸ்பேமில் கிடந்த ரிசல்ட்

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் மெயில் வேலை முழுக்க அவள் தலையில். ரிசல்ட்டுகள் கம்ப்யூட்டரிலிருந்து தானாகவே போகும். ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

முதலாளி ஒருநாள் எங்கிருந்தோ நாற்பதாயிரம் முகவரிகளை விலைக்கு வாங்கிவந்தார்.

"ஆஃபர் விளம்பரம். எல்லாருக்கும் அனுப்பிடும்மா. கீழே 'இனி அனுப்ப வேண்டாம்'னு ஒரு வரி இருக்கே, அதையும் தூக்கிடு."

"சார், இவங்க யாரும் நம்மகிட்ட மெயில் கேக்கலையே. கடுப்பாகி ஸ்பேம்னு தட்டுவாங்க. அப்புறம் நம்ம ரிசல்ட்டும் ஸ்பேமுக்குத்தான் போகும். வேற முகவரியிலேருந்தாவது அனுப்பலாம் சார்."

"நம்ம பேரைப் பார்த்தாதான் திறப்பாங்க. சொன்னதைச் செய்."

வேலை போய்விடுமோ என்ற பயம். அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம், ஓயாத அசதி என்று அக்கா கணவர் ரத்தம் கொடுக்க வந்தார். "ரத்தத்தை உறிஞ்சறது உங்க குடும்பத் தொழிலா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"ரிசல்ட் மெயில்ல வந்துடும் மாமா" என்றாள் அவளும் சிரித்தபடி. பிறகு அதை மறந்தே போனாள்.

நாற்பத்தோரு நாள் கழித்து அவர் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பழைய ரிசல்ட்டைக் கேட்டார்கள். அவருடைய போனை வாங்கி ஸ்பேமைத் திறந்தாள். லாட்டரிக்கும் முடி வளரும் தைலத்துக்கும் நடுவில் அவர்கள் லேபின் மெயில்: 'உடனே மருத்துவரைப் பாருங்கள்.' ரத்தப் புற்றுநோய்.

"அப்பவே வந்திருந்தா..." என்றார் டாக்டர்.

"ஏதாவது இருந்தா நீ சொல்லியிருப்பேன்னு இருந்துட்டோம்டி" என்றாள் அக்கா.

அவள் எதையும் மறைக்கவில்லை. விளம்பரம், முதலாளி, தான் சொன்னது, பிறகு அனுப்பியது, எல்லாவற்றையும் அந்த வராந்தாவில் நின்றே சொல்லி முடித்தாள்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதானே அனுப்பினே?"



மறுநாள் லேபில் விளம்பரம் அனுப்பிய நாளிலிருந்து ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டாள். முதலாளி வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. சிலர் எரிந்து விழுந்தார்கள். ஒரு பெண் ஸ்பேமில் தேடிப் பார்த்துவிட்டு, "இருக்குங்க" என்று மெல்லச் சொல்லி போனை வைத்தாள். எல்லாரையும் கூப்பிட்டு முடித்ததும் வேலையை விட்டாள்.

மூன்றாவது வாரம் மாமா போய்ச் சேர்ந்தார்.

அக்கா அவளை ஒதுக்கிவிடவில்லை. வீட்டுக்குப் போனால் வா என்கிறாள், சாப்பிடச் சொல்கிறாள். முகத்தைப் பார்த்து மட்டும் பேசுவதில்லை.