நீல வண்டியின் எண்பலகை

டாக்டர் ஓடெல் அவன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், லோவெல் ஜன்னலுக்கு வெளியே தன் நீல வண்டியைக் கவனித்தான். வாசலை ஒட்டி, பின்பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. எண்பலகையின் அடியில், டெக்சஸ் அரசாங்கமே பொறித்துக் கொடுத்த எழுத்துகள்: ஊனமுற்ற முன்னாள் படைவீரர்.

மூன்று வருடமாக அந்தப் பலகை இருக்கிறது. எங்கே போனாலும் ஊனமுற்றோருக்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கை தானாகவே வண்டியைத் திருப்பிவிடும். அதற்காக, விமானிகளுக்கு உடல்தகுதி பார்க்கிற டாக்டரின் வாசலிலா? புத்தி புல் மேயப் போயிருந்தது.

காந்தஹார் போரிலிருந்து திரும்பியபின், கனவில் அலறுகிறேன் என்று படைவீரர் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தான். அது பொய்யில்லை. மாதாமாதம் ஊனத்தொகை வருகிறது. பிறகு பறக்கும் ஆசை வந்தது. சிறிய விமானம் ஓட்டும் உரிமத்தைச் சொந்தச் செலவில் வாங்கினான். அதற்கு மேற்பட்ட பயிற்சிக்கெல்லாம் படைவீரர் படிப்புச் சலுகை உண்டு. உடல்தகுதிச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்க வேண்டும். போன வருடம் அதற்கான படிவத்தில் 'மனநலக் கோளாறு உண்டா?' என்ற கேள்விக்கு இல்லை என்றான். 'ஊனத்தொகை பெறுகிறீர்களா?' அதற்கும் இல்லை. இந்த வருடமும் அதையே எழுதியிருந்தான். அவனோடு பயிற்சிக்குச் சேர்ந்த இன்னொரு முன்னாள் படைவீரன் டல்லியும் அப்படித்தான் எழுதினான். போன மாதம் யாரோ டல்லியின் ஊனத்தொகைக் கோப்பையும் விமானிக் கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். டல்லி இப்போது கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.

லோவெலின் வணிக விமானி உரிமத் தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்றார் டாக்டர்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன் டாக்டர்."

"குடுத்து வச்சவன்ப்பா. நான் கடற்படைய விட்டு இருபது வருஷமாச்சு, இன்னும் கோழித் தூக்கம்தான்." கை கழுவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவர், கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே நின்றார். "அந்த நீல வண்டி யாரோடது?"

"உள்ள இருக்கறது என் பொண்டாட்டி" என்றான். அவர் கேட்டது அதுவல்ல.

டாக்டர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். "இந்த ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு போட்டா நான் இன்னிக்குச் சான்றிதழ் தர முடியாது. மேலிடத்துக்குப் போகும், மாசக்கணக்காகும். திரும்பி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நான் போய் காபி எடுத்துட்டு வர்றேன். வந்ததும் அனுப்பிடுவேன். அதுவரைக்கும் இது உன் படிவம்."

கதவு சாத்திக்கொண்டது. ஆமா என்றால் போன வருடத்துப் பொய்யும் சேர்ந்தே வெளியே வரும். இல்லை என்றால், ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்து நடுங்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வானத்தில் இதுவரை ஒருநாளும் அவன் கை நடுங்கியதில்லை. ஒருநாள் நடுங்கினால், பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது நடுங்கினால்?

எழுந்து ஜன்னலருகே போனான். வண்டியிலிருந்து இறங்கும்போது மார்னி, "போய் ஜெயிச்சுட்டு வாங்க பைலட் சார், நான் கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று கேலியாகச் சொல்லித்தான் அனுப்பினாள். இப்போது இருக்கையைச் சாய்த்து, முகம் இந்தப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்றிரவு அவன் அலறலில் எழுந்து உட்கார்ந்தவள், விடியும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடைவழியில் டாக்டரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. திரையில் அந்த இரண்டு 'இல்லை'யும் இன்னும் அப்படியே இருந்தன. வெயில் முழுசாக மார்னியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்படியும் அவள் விழிக்கவில்லை.